சைக்கிள் பந்தயத்துக்கு வாசல் வைத்தவர்!

குட்டீஸ்களா... விழுப்புரம் சாலையில், வில்லியனூரைத் தாண்டிப் போனால் அரியூர் வரும். காலை வேளையில் அந்தச் சாலையோரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? பஸ், லாரி, டிராக்டருக்கு நடுவே மணியடித்தபடி சைக்கிள்கள் போகும். முதுகில் புத்தகப் பை, ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை. முன்னால் போகிறவனை எப்படியாவது முந்திவிட வேண்டும் என்ற துடிப்பு எல்லாருக்கும் இருக்கும்.

சரி, ஒரு விளையாட்டு. வரும் பொங்கலுக்கு, அரியூரில் இருந்து பாகூர் வரை ஒரு சைக்கிள் பந்தயம் நடத்தும் பொறுப்பை உங்களிடம் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். முதல் கேள்வியே பெரிய கேள்வி. யார் யாரைச் சேர்ப்பீர்கள்?

பெயர் கொடுத்த எல்லாரையும் சேர்த்தால், சாலை தாங்காது. தெருவுக்கு நான்கு பேர் என்றால், சின்னத் தெருவில் நான்கு பேர் தேற மாட்டார்கள். டவுனில் உள்ள ஒரு சைக்கிள் கடைக்காரர் வருகிறார். நான்கு பையன்களுக்குப் புது கியர் சைக்கிள் தருகிறேன், என் கடைப் பெயர் போட்ட பனியனைப் போட்டுக்கொண்டு ஓட்டட்டும் என்கிறார். சம்மதிப்பீர்களா? சம்மதித்தால், பழைய சைக்கிள் வைத்திருக்கும் பையன் என்ன ஆவான்? அந்த நான்கு பேரும் சேர்ந்து ஒருவனை மட்டும் ஜெயிக்க வைத்தால், அது நியாயமா?

தலை சுற்றுகிறதா? இதே கேள்வியோடு, ஒரு மனிதர் தன் வாழ்நாளில் 30 வருடங்களுக்கு மேல் மல்லுக்கட்டினார். அவர் பிறந்த நாடு, 1954 வரை நம் புதுச்சேரியை ஆண்ட பிரான்ஸ். அவர் தொடங்கிய பந்தயம், உலகிலேயே மிகப் பெரிய சைக்கிள் பந்தயமான, 'டூர் டி பிரான்ஸ்!' அவர் பெயர், ஹென்றி டெக்ராஞ்ச்.

வேலை போச்சு!

பாரீஸ் நகரில், 1865 ஜனவரி 31ம் தேதி, ஒரு நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தார் டெக்ராஞ்ச். அவருடன் பிறந்தது இன்னொரு ஆண் குழந்தை. ஆம், இரட்டையரில் ஒருவர் அவர்!

படித்து முடித்ததும், பாரீசில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். கோட்டு, தொப்பி, மை புட்டி, காகிதக் கட்டு என்று வாழ்க்கை ஓடிக் கொண்டிருந்தது. 1891ல், போர்தோ நகரில் இருந்து பாரீஸ் வரை நடந்த நீண்ட தூர சைக்கிள் பந்தயத்தின் முடிவைப் பார்க்கப் போனார். அவ்வளவு தான்! சைக்கிள் பைத்தியம் பிடித்துக் கொண்டது.

அந்தக் காலத்தில் சைக்கிள் ஓட்டுபவர்கள், முழங்கால் வரை மட்டுமே உள்ள கால்சட்டை அணிவார்கள். கெண்டைக்கால் வெளியே தெரியும். அப்படிப் போகும் குமாஸ்தாவைக் கண்டு, அலுவலகத்துக்கு வந்த ஒருவர் முகம் சுளித்தாராம். மதிப்பான அலுவலகத்துக்கு இது அழகா என்று புகார் போனது. வேலையா, சைக்கிளா என்று கேட்டபோது, டெக்ராஞ்ச் சைக்கிளைத் தேர்ந்தெடுத்தார் என்று, அவரைப் பற்றிய கதைகள் சொல்கின்றன.

அந்தத் தேர்வு வீண் போகவில்லை. 1893 மே 11ம் தேதி, பாரீசின் பஃபலோ சைக்கிள் மைதானத்தில், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் போக முடியும் என்று ஓட்டிக் காட்டினார். 35.325 கி.மீ., தூரம்! முறைப்படி பதிவான முதல் ஒரு மணி நேர உலக சாதனை அதுதான். இன்று அந்தச் சாதனை, 2022ல் இத்தாலி வீரர் பிலிப்போ கன்னா ஓட்டிய 56.792 கி.மீ., ஆக உயர்ந்துள்ளது. ஆனால், அந்த வரிசையில் முதல் பெயர் டெக்ராஞ்ச் தான்.

தனியாக, யார் உதவியும் இல்லாமல், கடிகாரத்தோடு மட்டும் போட்டி போட்டு அவர் செய்த சாதனை அது. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் அவர் போட்ட விதிகள் எல்லாம், இந்த மைதானத்தில் முளைத்தவையே. ஒரு மனிதன், ஒரு சைக்கிள், அவனுடைய சொந்த பலம். பந்தயம் என்றால் அவருக்கு அவ்வளவு தான்.

பச்சையும் மஞ்சளும்

அப்போது பிரான்சில், 'லெ வேலோ' என்ற விளையாட்டு நாளிதழ் பிரபலமாக இருந்தது. பச்சை நிறக் காகிதத்தில் அச்சாகும். அதன் ஆசிரியர், பியர் ஜிஃபார்.

அந்த நாட்களில் பிரான்ஸ் நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டுக் கொண்டிருந்தது. டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரி, நாட்டுக்குத் துரோகம் செய்ததாகத் தண்டிக்கப்பட்டிருந்தார். அவர் குற்றமற்றவர் என்றது ஒரு தரப்பு. குற்றவாளியே என்றது மறு தரப்பு. ஜிஃபார், டிரைஃபசுக்காகப் பேசினார். அவருடைய பத்திரிகைக்கு விளம்பரம் கொடுத்து வந்த மோட்டார் கம்பெனி முதலாளி தெ தியோன் பிரபு, எதிர்த் தரப்பில் இருந்தார். கோபம் கொண்ட முதலாளிகள் சிலர் ஒன்று சேர்ந்து, போட்டிக்கு ஒரு பத்திரிகை ஆரம்பித்தனர். டிரைஃபஸ் நிரபராதி என்று, 1906ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியாயம் ஜிஃபார் பக்கமே இருந்தது. ஆனால், புதுப் பத்திரிகை அதற்குள் வேரூன்றிவிட்டது.

அந்தப் புதுப் பத்திரிகைக்கு ஆசிரியராக அவர்கள் தேர்ந்தெடுத்தது, டெக்ராஞ்சை. 1900 அக்டோபர் 16ம் தேதி, 'லோட்டோ வேலோ' வெளிவந்தது. பச்சைக்கு எதிராக மஞ்சள் காகிதம்! பெயரில், 'வேலோ' வரக்கூடாது என்று ஜிஃபார் வழக்குப் போட்டு ஜெயித்தார். 1903 தொடக்கத்தில் பெயர், 'லோட்டோ' என்று சுருங்கியது. பத்திரிகை விற்பனையும் சுருங்கித் தான் கிடந்தது. எதையாவது பெரிதாகச் செய்யாவிட்டால், மூட்டை கட்ட வேண்டியது தான் என்ற நிலை.

1902 நவம்பரில், அலுவலகத்தில் அவசரக் கூட்டம். ஜியோ லெஃபேவ்ர் என்ற 20களில் இருந்த இளம் நிருபர், துணிந்து ஒரு யோசனை சொன்னார். பிரான்ஸ் நாட்டையே சுற்றி வரும் ஒரு சைக்கிள் பந்தயம் வைத்தால் என்ன?

டெக்ராஞ்சுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பகல் உணவின் போது மேலும் பேசினார்கள். பணப் பொறுப்பைக் கவனித்த விக்டர் கொதே, கஜானாவைத் திறக்கத் தயார் என்றதும், வேலை தொடங்கியது. 1903 ஜனவரி 19ம் தேதி, மஞ்சள் காகிதத்தில் அறிவிப்பு வந்தது.

கட்டணம் கட்டினால் வரலாம்

யாரைச் சேர்ப்பது? முதல் விடை மிகவும் எளிமையாக இருந்தது. 20 பிராங்க் கட்டணம் கட்டுபவர் எவரும் வரலாம்.

யாரும் வரவில்லை! பந்தயத் தேதி நெருங்கியும், 20 பேர் கூடத் தேறவில்லை. பல வாரங்கள் வேலையை விட்டுவிட்டு, சொந்தக் காசில் தங்கி, சாப்பிட்டு, சைக்கிள் ஓட்ட யாரால் முடியும்? வசதி உள்ளவர்களால் தான் முடியும். கதவு திறந்தே இருந்தும், ஏழைக்கு அது மூடிய கதவாகவே இருந்தது.

டெக்ராஞ்ச் தன் தவறைப் புரிந்து கொண்டார். பந்தயத்தை ஒரு மாதம் தள்ளி வைத்தார். நாட்களைக் குறைத்தார். கட்டணத்தைப் பாதியாக்கி, 10 பிராங்க் என்றார். பரிசுத் தொகையை உயர்த்தினார். ஓரளவு வேகத்தோடு ஓட்டும் முதல் 50 பேருக்கு, தினமும் 5 பிராங்க் படி தருவதாகவும் அறிவித்தார். அதன் பிறகு தான் பெயர்கள் வந்து குவிந்தன.

1903 ஜூலை 1ம் தேதி, பாரீசுக்குப் பக்கத்தில் மோன்ழெரோன் என்ற ஊரில், ஒரு உணவு விடுதி வாசலில் 60 பேர் கூடினர். சிலருக்கு சைக்கிள் கம்பெனிகளின் ஆதரவு இருந்தது. பலர் தனி ஆட்கள். ஆறு கட்டமாக, மொத்தம் 2,428 கி.மீ., தூரம். முதல் கட்டமே 467 கி.மீ.,! அவ்வளவு தூரத்தை, இரவும் பகலுமாக ஒரே மூச்சில் மிதிக்க வேண்டும். சாலையோ கல்லும் மண்ணும். சைக்கிளில் கியர் மாற்றும் வசதியும் கிடையாது.

ஜூலை 19ம் தேதி பாரீஸ் திரும்பியவர்கள், 21 பேர். முதல் இடம் மோரிஸ் காரினுக்கு. சிறு வயதில் புகைபோக்கி சுத்தம் செய்யும் வேலை பார்த்தவர். இரண்டாவதாக வந்தவரை விடக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் முன்னால் இருந்தார்!

மஞ்சள் பத்திரிகையின் விற்பனை, 25 ஆயிரத்தில் இருந்து 65 ஆயிரமாகத் தாவியது. மறு ஆண்டில் பச்சைப் பத்திரிகை மூடப்பட்டது. வேலை இழந்த தன் பழைய எதிரி ஜிஃபாருக்கு, பிற்காலத்தில் தன் பத்திரிகையிலேயே எழுத இடம் கொடுத்தார் டெக்ராஞ்ச்.

ரயிலில் ஏறிய வீரர்கள்

அடுத்த வருடம் வந்தது சோதனை. பந்தயம் இரவிலும் நடந்ததால், இருட்டைப் பயன்படுத்தி மோசடிகள் நடந்தன. சிலர் ரயிலில் ஏறிப் போனதாகவும், காரைப் பிடித்துக் கொண்டு போனதாகவும் புகார்கள் வந்தன. சாலையில் ஆணிகள் தூவப்பட்டன. தங்கள் ஊர்க்காரர் ஜெயிக்க வேண்டும் என்று, மற்ற வீரர்களைக் கும்பலாக வழிமறித்து அடித்தவர்களும் உண்டு.

பந்தயம் முடிந்து நான்கு மாதத்துக்குப் பின், விசாரணை நடத்திய பிரான்ஸ் சைக்கிள் சங்கம், முதல் நான்கு இடம் பிடித்தவர்களையும் தகுதி நீக்கம் செய்தது. அதில் காரினும் ஒருவர். ஐந்தாவதாக வந்த ஹென்றி கோர்னே வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டார். பந்தயம் நடந்தபோது அவருக்கு வயது 19. இன்று வரை, டூர் டி பிரான்ஸ் வென்றவர்களில் வயதில் மிகச் சிறியவர் அவரே.

மனம் வெறுத்த டெக்ராஞ்ச், இதோடு பந்தயம் முடிந்தது என்று எழுதினார். ஆனால், விடவில்லை. 1905ல், கட்டங்களைச் சிறிதாக்கி, இரவுப் பயணத்தைக் குறைத்து, புதிய விதிகளோடு மீண்டும் தொடங்கினார். 1910ல் பிரனீஸ் மலைகளையும், 1911ல் ஆல்ப்ஸ் மலையின் காலிபியே கணவாயையும் பந்தயப் பாதையில் சேர்த்தார். பந்தயம் வளர வளர, புதிய தலைவலி ஒன்றும் வளர்ந்தது.

கொல்லர் உலைக்களத்தில் ஒரு வீரர்

சைக்கிள் கம்பெனிகள், பந்தயத்தில் உள்ள லாபத்தைக் கண்டுகொண்டன. தங்கள் சைக்கிளில் வரும் வீரர் ஜெயித்தால், மறுநாள் கடையில் அந்த சைக்கிள் விற்றுத் தீரும். பெஜோ, அல்சியோன் போன்ற கம்பெனிகள், நல்ல வீரர்களைச் சம்பளம் கொடுத்துச் சேர்த்தன. ஒரே கம்பெனி வீரர்கள், தங்களில் ஒருவருக்காக மற்றவர்கள் உழைத்தனர். முன்னால் போய் எதிர்காற்றைத் தடுப்பது ஒருவர் வேலை. எதிரியை வழிமறித்து மெதுவாகப் போவது இன்னொருவர் வேலை.

டெக்ராஞ்சுக்கு இது பிடிக்கவில்லை. கம்பெனி இல்லாத தனி ஆட்களுக்கென்று, ஒரு தனிப் பிரிவு வைத்தார். தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் அவர்களே பார்த்துக் கொள்ள வேண்டும். வீரர் எவரும் பிறர் உதவி பெறக் கூடாது, சைக்கிள் பழுதானால் தானே சரி செய்ய வேண்டும் என்று கடும் விதி போட்டார்.

அந்த விதி எவ்வளவு கடுமையானது என்பதற்கு, 1913ல் நடந்ததைக் கேளுங்கள். முன்னணியில் இருந்த ஏழேன் கிறிஸ்தோஃப், தூர்மலே மலையில் இருந்து இறங்கும்போது, சைக்கிளின் முன் போர்க் உடைந்தது. வேறு சைக்கிள் வாங்கக் கூடாது. சைக்கிளைத் தோளில் சுமந்து, 10 கி.மீ.,க்கு மேல் நடந்து, அடிவாரக் கிராமத்தில் ஒரு கொல்லர் பட்டறையை அடைந்தார். கொல்லர் உதவத் தயார். ஆனால், பந்தய அதிகாரிகள் அருகிலேயே நின்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக் கொண்டிருந்தனர். கிறிஸ்தோஃப் தானே இரும்பைக் காய்ச்சி, அடித்து, போர்க்கைச் சரி செய்தார். இரண்டு கையும் வேலையில் இருந்ததால், உலையின் துருத்தியை மட்டும் ஒரு சிறுவன் இழுத்துக் கொடுத்தான். அது பிறர் உதவியாம்! அதற்கும் தண்டனையாகச் சில நிமிடங்கள் சேர்க்கப்பட்டன. ஏற்கனவே பல மணி நேரம் இழந்திருந்த அவருடைய வெற்றிக் கனவு, அந்தப் பட்டறையிலேயே கரைந்தது.

விதி எல்லாருக்கும் ஒன்று என்பது நல்லது தான். ஆனால், விதிக்குள் மனிதனையும் பார்க்க வேண்டாமா? வீரர்கள் இதைப் பலமுறை கேட்டனர். 1924ல், முந்தைய ஆண்டு வென்ற ஹென்றி பெலிசியே, எத்தனை ஜெர்சி போட்டிருக்கிறார் என்று அதிகாரிகள் சோதித்ததால் கோபம் கொண்டு, பந்தயத்தில் இருந்தே விலகினார். டெக்ராஞ்ச் அசைந்து கொடுக்கவில்லை.

மற்றவர்களிடம் கண்டிப்பு காட்டியவர், தன்னிடமும் அப்படியே இருந்தார். முதல் உலகப் போரின் போது, 1917ல், 52 வயதில், தானாக முன்வந்து சாதாரணப் படைவீரராகச் சேர்ந்தார். வீரப் பதக்கமும் பெற்றார்.

மஞ்சள் ஜெர்சி வந்தது

போர் முடிந்து, 1919ல் பந்தயம் மீண்டும் தொடங்கியது. தொழிற்சாலைகள் நொடிந்து கிடந்தன. பழைய போட்டிக் கம்பெனிகள் பல, ஒரே கூட்டமைப்பாகச் சேர்ந்து வீரர்களுக்கு உதவின. எல்லார் உடையும் ஏறத்தாழ ஒரே மாதிரி. முன்னணியில் இருப்பவர் யார் என்று, சாலையோரம் நிற்பவர்களுக்குத் தெரியவில்லை. அதனால் முன்னணி வீரருக்கு மஞ்சள் ஜெர்சி கொடுத்தார் டெக்ராஞ்ச். பத்திரிகையின் நிறமும் மஞ்சள் அல்லவா!

அதை முதலில் அணிந்தவர் யார் தெரியுமா? கொல்லர் பட்டறைக் கிறிஸ்தோஃப் தான்! கானரிப் பறவை போல் இருக்கிறார் என்று, மக்கள் அவரைக் கேலி செய்தனர். பாவம், அந்த ஆண்டும் போர்க் உடைந்து வெற்றி கை நழுவியது. போருக்குப் பிந்தைய பாழான சாலைகளில், 67 பேர் கிளம்பி, கடைசிக் கணக்கில் நின்றவர்கள், 10 பேர் மட்டுமே.

நான்கு பேர் எதிர் பத்துப் பேர்

1927ல், டெக்ராஞ்ச் இன்னொரு சோதனை செய்தார். சமவெளிக் கட்டங்களில், ஒவ்வொரு அணியையும் தனித்தனி நேரத்தில் கிளப்பினார். 1928லும் இது தொடர்ந்தது. ஒரு அணிக்கு 10 பேர். அந்த ஆண்டு, கடல் கடந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வீரர்கள் வந்தனர். ஆனால், அவர்கள் மொத்தமே நான்கு பேர்! அணி அணியாகக் கிளம்பும் பந்தயத்தில், பத்துப் பேர் மாறி மாறிக் காற்றைத் தடுப்பதும், நான்கு பேர் தடுப்பதும் ஒன்றாகுமா?

அப்படியும் மூன்று பேர் பாரீஸ் வந்து சேர்ந்தனர். அவர்களில் ஹூபர்ட் ஆப்பர்மேன், 18வது இடம் பிடித்தார். பிரான்ஸ் மக்கள் அவரைக் கொண்டாடினர். வாசலைத் திறந்து விட்டால் மட்டும் போதாது, உள்ளே வருபவருக்குச் சமமான தரை வேண்டும் என்பதை, அந்த நால்வர் உலகுக்குக் காட்டினர்.

1929ல், விதிப்படி தனிநபர் போட்டி. ஆனால், அல்சியோன் கம்பெனியின் பெல்ஜிய வீரர் மோரிஸ் தெ வாலே முன்னணியில் இருக்கும்போது, உடல்நலம் கெட்டுப் படுக்கையில் விழுந்தார். உட்காரவே தெம்பில்லை. கம்பெனி விடுமா? அதன் மற்ற வீரர்கள் அவரைச் சூழ்ந்து அழைத்துப் போயினர். சாலை முழுவதும் பரவி நின்று, எதிரிகள் தாண்ட முடியாமல் செய்தனர். நோயாளியே ஜெயித்துவிட்டார்!

டெக்ராஞ்ச் கொதித்துப் போனார். பந்தயத்தை நடத்துவது நானா, கம்பெனிகளா என்ற கேள்வி அவரைத் தூங்க விடவில்லை.

நாட்டுக்கு எட்டுப் பேர்

1930ல், ஒரே வெட்டாக வெட்டினார். கம்பெனி அணிகளுக்கு இடம் இல்லை! பெல்ஜியம், இத்தாலி, ஸ்பெயின், ஜெர்மனி, பிரான்ஸ் என, ஐந்து நாட்டு அணிகளை அழைத்தார். நாட்டுக்கு எட்டுப் பேர். அவர்களோடு, தனி ஆட்களாக 60 பேர். மொத்தம், 100 பேர். எல்லாருக்கும் கம்பெனிப் பெயர் இல்லாத, ஒரே மாதிரி மஞ்சள் சைக்கிள், பத்திரிகையே கொடுத்தது.

சைக்கிள், சாப்பாடு, தங்குமிடம் எல்லாச் செலவும் பத்திரிகையின் தலையில் விழுந்தது. கம்பெனிகளின் விளம்பரப் பணமும் போனது. என்ன செய்தார் தெரியுமா? பந்தயத்துக்கு முன்னால், விளம்பர வண்டிகள் ஊர்வலமாகப் போகலாம். அதற்குக் கட்டணம் என்றார். மெனியே சாக்லேட் கம்பெனி, சாலையோரம் நின்ற மக்களுக்கு சாக்லேட்டுகளை வாரி இறைத்தது. நம்மூரில் தேர்த் திருவிழாவில் மிட்டாய்க் கடை வந்துவிடுகிற மாதிரி, சைக்கிள் பார்க்க வராதவர்கள் கூட, சாக்லேட்டுக்காக வந்தனர்! அந்த விளம்பர ஊர்வலம் இன்றும் தொடர்கிறது.

அந்த ஆண்டு, முன்னணியில் இருந்த பிரான்ஸ் வீரர் ஆந்திரே லெதூக், காலிபியே மலைச்சரிவில் விழுந்து அடிபட்டார். எழுந்து ஓட்டினால், பெடலும் உடைந்தது. சாலையோரம் அழுதபடி உட்கார்ந்துவிட்டார். அவருடைய அணியினர் நின்று, தேற்றி, பெடலை மாற்றி, அவரை நடுவில் விட்டுத் துரத்தினர். பல கி.மீ., துரத்தி முன்னால் போனவர்களைப் பிடித்து, அன்றைய கட்டத்தையே லெதூக் ஜெயித்தார். பந்தயமும் அவருக்கே!

யோசித்துப் பாருங்கள்... முந்தைய ஆண்டு தெ வாலேவுக்குக் கம்பெனித் தோழர்கள் உதவியதைத் தான் டெக்ராஞ்ச் வெறுத்தார். இப்போது நாட்டுத் தோழர்கள் உதவினர். நாடே கைதட்டியது. சைக்கிள் பந்தயத்தில் ஒருவர் கூட உண்மையில் தனியாக ஜெயிப்பதில்லை என்பதை, அவருடைய பந்தயமே அவருக்குச் சொல்லிக் கொடுத்தது.

மறு ஆண்டு, ஆப்பர்மேன் மீண்டும் வந்தார். சுவிட்சர்லாந்து வீரர்களும் ஆஸ்திரேலியர்களும் சேர்ந்த அணியில் ஓட்டி, 12வது இடத்தைப் பிடித்தார். பத்திரிகை விற்பனையும், 1933ல் ஒரு சமயம் எட்டரை லட்சத்தைத் தாண்டியது.

கடைசிப் பயணம்

1936ல், டெக்ராஞ்சுக்கு வயது 71. அறுவை சிகிச்சை செய்து கொண்ட உடம்போடு, பந்தயத்தின் பின்னால் காரில் கிளம்பினார். ஒவ்வொரு குலுக்கலும் வலித்தது. இரண்டாம் நாளே முடியாமல் போய், பொறுப்பை ழாக் கொதேயிடம் ஒப்படைத்தார். அன்று கஜானாவைத் திறந்து விட்ட விக்டர் கொதேயின் மகன் தான் அவர்.

1940 ஆகஸ்ட் 16ம் தேதி, பிரான்சின் தெற்குக் கடற்கரையில், 75ம் வயதில் டெக்ராஞ்ச் காலமானார். அப்போது உலகப் போரால் பந்தயம் நின்று போயிருந்தது. 1947ல் மீண்டும் தொடங்கியது. அவருக்குப் பிடித்த காலிபியே மலையில், அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. மஞ்சள் ஜெர்சியில் அவர் பெயரின் முதல் எழுத்துக்கள் பொறிக்கப்படுகின்றன.

வாசல் இன்று எப்படி?

நாட்டு அணிகள் முறை, 1961 வரை நீடித்தது. அதிலும் குறை இருந்தது. லக்சம்பர்க் போன்ற குட்டி நாட்டு வீரர்கள், வேற்று நாட்டவரோடு கலந்த அணியில் சேர வேண்டியிருந்தது. அப்படி நெதர்லாந்து, லக்சம்பர்க் கலப்பு அணியில் ஓட்டி, 1958ல் கோப்பையை வென்றார் ஷார்லி கோல். 1962ல் கம்பெனி அணிகள் திரும்பி வந்தன. 1967, 1968 ஆகிய இரண்டு ஆண்டுகள் மட்டும் நாட்டு அணிகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போயின.

இப்போது இந்த முடிவு, ஒரே மனிதர் கையில் இல்லை. உலக சைக்கிள் அமைப்பான யு.சி.ஐ., வீரர்கள் பந்தயங்களில் பெறும் புள்ளிகளையும், அணியின் பண நிலை, நிர்வாகம், நேர்மை ஆகியவற்றையும் பார்த்து, முதல் வரிசை அணிகளுக்கு உரிமம் கொடுக்கிறது. 2025 டூர் டி பிரான்சில் நடந்ததைப் பாருங்கள். முதல் வரிசையின் 18 அணிகளுக்கும் நேரடி இடம். இரண்டாம் வரிசையில், முந்தைய ஆண்டு அதிகப் புள்ளி பெற்ற இரண்டு அணிகளுக்கும் இடம் உறுதி. மீதி மூன்று இடங்களுக்கு, பந்தயம் நடத்துவோர் தாங்களே தேர்ந்து அழைப்பு அனுப்பினர். ஆக, 23 அணிகள். அணிக்கு எட்டு வீரர்கள். மொத்தம் 184 பேர்.

அந்தக் கடைசிச் சில இடங்களுக்குத் தான் ஏக்கம்! அழைப்பு கிடைத்தால், சின்ன அணியின் பெயரை உலகமே டி.வி.,யில் பார்க்கும். கிடைக்காவிட்டால், பணம் கொடுக்கும் நிறுவனம் கைவிட்டுவிடலாம்; வீரர்களுக்கும், மெக்கானிக்குகளுக்கும் வேலை போகலாம். பிரான்ஸ் அணிகளுக்குச் சலுகையா, புள்ளியை மட்டும் பார்ப்பதா, புது நாட்டவருக்கு வாய்ப்புத் தருவதா என்று, வாதம் தொடர்கிறது.

வாசல் அகலமாகியும் வருகிறது. எரித்ரியா நாட்டின் பினியம் கிர்மாய், 2024ல் மூன்று கட்டங்களை வென்று, டூர் டி பிரான்சில் கட்டம் வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் ஆனார். டெக்ராஞ்சின் பந்தயத்தில் பெண்களுக்கு இடமே இருந்ததில்லை. 2022ல், எட்டுக் கட்டங்களோடு பெண்கள் டூர் டி பிரான்ஸ் புதிதாகத் தொடங்கி, ஆண்டுதோறும் நடக்கிறது.

இப்போது அரியூருக்கு வருவோம். பொங்கல் பந்தயத்துக்கு யார் யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்துவிட்டீர்களா? டெக்ராஞ்ச் போட்ட விதிகளில் பல தப்பாகப் போயின. ஆனால், ஒவ்வொரு முறையும் தப்பு எங்கே என்று பார்த்து, அடுத்த ஆண்டே திருத்தினார். நீங்களும் விதியைத் தெளிவாக எழுதி ஒட்டுங்கள். பழைய சைக்கிள் வைத்திருக்கும் பையனையும், அண்ணனிடம் சைக்கிள் கடன் கேட்டு நிற்கும் தங்கையையும் கூப்பிடுங்கள். அவர்களுக்குக் காற்றடித்துக் கொடுக்கவும், பிரேக் சரி பார்க்கவும் மறக்காதீர்கள்.

துருத்தி இழுத்துக் கொடுத்தவனுக்கு மட்டும் தண்டனை வேண்டாம், சரியா!